கடலுக்கு முதுகு காட்டிய வாய்க்கால்

டியூப் மேஸ்திரிக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்குக்கூடப் போவார் என்று கேலி பேசுவார்கள். விரல்கடை சாய்மானத்துக்காக நாள் முழுக்க மல்லுக்கு நிற்கும் மனுஷர். கடலோர ஊரோ தாம்பாளம் மாதிரி தட்டை. ஈரக்காற்றில் துவைத்த சட்டை இரண்டு நாளானாலும் காயாது. மழை பெய்தால் தண்ணீர் போக்கிடம் தெரியாமல் முழிக்கும்.

முழித்துவிட்டு நேரே மேஸ்திரியின் தங்கை வீட்டுக்குள் வரும். ஒன்பது வருடமாக அவளுடைய கட்டில் செங்கல் அடுக்குகளின் மேல்தான் நிற்கிறது. "இந்த மழைக்கும் தண்ணி வந்தா வீட்டை வித்துட்டு மகன்கிட்டயே போயிடுவேன்ணே," என்றாள். ஊரில் மேஸ்திரிக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

பழைய வாய்க்கால் கடலைப் பார்த்து ஓடியது. கடல்தானே பள்ளம், இதில் என்ன சந்தேகம்? மேஸ்திரி சந்தேகப்பட்டார். காற்றுக்குமிழ் ஒன்று இருந்தாலும் குழாய் பொய் சொல்லும் என்று தட்டித் தட்டிக் குமிழை விரட்டிவிட்டு, தங்கை வாசலிலிருந்து கரைவரை கட்டம் கட்டமாக மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் ஒரே பதில்தான். அலை கொண்டுவந்து கொட்டிய மணல்மேடு வாசலைவிட இடுப்புயரம் உயர்ந்து நின்றது. ஊருக்குப் பின்னால், சுற்றி வளைத்துக் கடலில் சேரும் உப்பங்கழிதான் பள்ளம்.

"வாய்க்காலைத் திருப்பணும். கடலுக்கு முதுகு காட்டணும்."

தெருவே சிரித்தது. "வெயில்ல மண்டை காஞ்சிடுச்சா மேஸ்திரி? தண்ணி உங்களைக் கேட்டா ஓடுது?" என்றார் டீக்கடைக்காரர்.

"தண்ணி யாரையும் கேக்காது. நாமதான் அதைக் கேக்கணும்."

வேறு வழியில்லாமல் தெரு அரைமனதாகத் தலையாட்டியது. மேஸ்திரி ஒரு மாதம் வேறு வேலைக்கே போகாமல் வெட்டி முடித்தார்.

மழை வந்தது. இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. மேஸ்திரி தங்கை வாசலில் குடையோடு நின்றார். தண்ணீர் முதல் படிவரை ஏறி நின்றது. பிறகு மிதந்து வந்த ஒரு பீடித்துண்டு மெல்லத் திரும்பி, கடலை விட்டுவிட்டு, கழியைப் பார்த்து நடையைக் கட்டியது.

தங்கை அதைப் பார்த்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது.

"அண்ணே, வந்து கட்டிலைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. செங்கல்லை எடுத்துடலாம்."