ஒன்பது என்று சொன்னவன் நான்

செய்தி வந்தபோது நான் வில்லியனூரில் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. எங்களோடு பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்த செல்விதான் போனில் கூப்பிட்டார். "சார், நம்ம அமலோற்பவம் டீச்சர் போயிட்டாங்க சார். காலையில பால் வாங்கினு வந்து உக்காந்தவங்கதான். எழுந்திரிக்கல" என்று அழுதார். எப்போது எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்தேன்.

அவரிடம் படித்தவர்களும் உடன் வேலை பார்த்தவர்களும் இந்த நினைவு மலரைப் படிப்பீர்கள். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலியில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இனிமேல் அந்தக் கடிதத்தை என்னிடம் கேட்க ஆள் இல்லை என்ற நிம்மதி. ஒரு நிமிடம் இருந்திருக்கும். பிறகு எதிர்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். "தூக்கமா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

பாகூர் பக்கத்து அரசுப் பள்ளியில் நாங்கள் பதினேழு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் இயற்பியல், நான் வரலாறு. பள்ளியின் மாணவர் படைக்கும் நானே பொறுப்பாசிரியர். காக்கி உடையும் தொப்பியுமாக நான் மைதானத்தில் நின்றால் அவர் ஆய்வகத்து ஜன்னல் வழியாகப் பார்த்து, "இன்னா சார், எந்த நாட்டு மேல இன்னைக்கு படையெடுப்பு?" என்று கேலி செய்வார். அவர் ஆய்வகத்தில் எந்தப் பிள்ளையும் ஒரே முறை அளந்து நோட்டில் எழுதிவிட முடியாது. "மூணு தபா அள. மொத தபா கண்ணு தான் ஆசைப்பட்டதைத்தான் படிக்கும்" என்பார். மூன்றாம் முறைக்கு முணுமுணுத்த பிள்ளைகள் பலர் இன்று மருந்து ஆலைகளிலும் லேத் பட்டறைகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

ஒரு முறை பதினோராம் வகுப்பில் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டார். வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், தலைமையாசிரியர் பேசி முடித்ததும் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். "நேத்து பிளஸ் ஒன்னுல நான் போட்ட கணக்கு தப்பு. எழுதினவங்க அடிச்சிடுங்க. இன்னைக்கு சரியா போட்டுக் காட்றேன்" என்று முழுப் பள்ளிக்கும் கேட்கும்படி சொன்னார். வகுப்பிலேயே சொல்லியிருக்கலாமே டீச்சர் என்று கேட்டேன். "வேற கிளாஸ் புள்ளங்களும் அந்த நோட்ட வாங்கிப் பாத்திருப்பாங்க இல்ல சார்?" என்றார். அன்று அதை ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்தேன்.

இனி துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அல்ஜீரியாவில் இருந்தவர். ஊருக்குத் திரும்பும்போது ஒரு பழைய கைத்துப்பாக்கியையும் கொண்டுவந்தார். அவர் அதை பிஸ்தோலே என்பார். அதில் ஒரு குண்டுகூடப் போட்டதில்லை. ஞாயிறு தோறும் பூசை முடிந்து வந்து அதைக் கழற்றி எண்ணெய் போட்டுத் துடைப்பதுதான் அவர் வேலை. துடைத்துத் துடைத்து, பக்கவாட்டில் செதுக்கியிருந்த எழுத்தும் எண்ணும் தேய்ந்தே போயின. மனைவி இறந்த பிறகு பெரிதாக யாரோடும் பேசாத மனிதர், மகளோடு பேசியதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். டீச்சருக்கு அது துப்பாக்கியே இல்லை, அப்பாவோடு உட்கார்ந்திருந்த நேரம்.

அப்பா காலமான பின் உரிமத்தை மகள் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. பழைய உரிமப் புத்தகத்தில் புயல் வெள்ளம் புகுந்து காலிபர் எழுதிய இடம் மட்டும் மை ஊறி நீலத் திட்டாகக் கிடந்தது. காலிபர் என்றால் குழலின் உள்விட்டம், வேறொன்றும் இல்லை. "சார், நீங்கதான் துப்பாக்கி தெரிஞ்சவரு. ஒரு நட வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டார். போனேன். கையில் எடுத்து, எடை பார்ப்பதுபோல் ஆட்டி, ஒரு கண்ணை மூடிக் குழலுக்குள் பார்த்து, தலையை ஆட்டினேன். அதுவரை என் வாழ்க்கையில் நான் தொட்ட துப்பாக்கி, படையில் பிள்ளைகள் சுட்டுப் பழகும் பாயிண்ட் டூ டூ ரைபிள் ஒன்றுதான். இதை அங்கே சொல்லவில்லை, வேறு எங்கேயும் சொன்னதும் இல்லை.

விண்ணப்பத்தை கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். பாகூர் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு இருவரும் போனோம். காலிபர் என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் நீளமாக இறங்கியது. "இதுல எதனா ஒன்ன செலக்ட் பண்ணாத்தான் மேடம் அடுத்த பக்கம் வரும்" என்றாள் அங்கே வேலை பார்த்த பெண். டீச்சர் தன் பையில் கை விட்டு, விட்டம் அளக்கும் ஆய்வகத்து வெர்னியரை எடுத்தார்.

"சார், இத எடுத்தாந்திருக்கேன். இன்னைக்கு வூட்டுக்குப் போயி அளந்துட்டு நாளிக்கு வந்து போட்டா இன்னா?"

கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "துப்பாக்கிய பாத்தா தெரியாதா டீச்சர்? பிரெஞ்சுக்காரன் பிஸ்டல் எல்லாம் நைன் எம்.எம்.தான். நீ நைன் போடும்மா" என்றேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டார். பெரிய மனிதனை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்ற மரியாதை அது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை அளக்காமல் ஓர் எண்ணை எழுத அவர் சம்மதித்தார், அதுவும் எனக்காக.

ஒன்பது மில்லிமீட்டர் நம் நாட்டில் தனியார் வைத்துக்கொள்ளத் தடை செய்த அளவு. துப்பாக்கியைத் தெரிந்தவன் எவனுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் வாரம் காவலர் ஒருவர் பள்ளிக்கே வந்து தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்தார். துப்பாக்கி தெரிந்த ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "தடை பண்ண அயிட்டம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. யாரு மேடம் இத நைன்னு சொன்னது?" என்று கேட்டார். நான் டீச்சருக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார் செலக்ட் பண்ணேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஸ்டேஷனில் ஒப்படைக்கும் முன் அதை அளந்திருக்கிறார், மூன்று முறை. "ஏழு புள்ளி ஆறுக்கும் ஏழு புள்ளி ஏழுக்கும் நடுவுல வருது சார். விசாரிச்சேன், அதத்தான் இங்க பாயிண்ட் த்ரீ டூன்றாங்க. அதுக்குத் தடையே இல்லையாம்" என்று ஆய்வகத்தில் என்னிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை. காலிபரைப் பார்த்துச் சொன்னவர், தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு கடிதம் கொடுத்தால் திருத்திவிடலாம் என்று உரிம அலுவலகத்தில் சொன்னார்களாம். "ஒரு அஞ்சு வரி போதும் சார்" என்றார்.

அந்த வருடம் ஆசிரியர் விருதுக்கு என் பெயர் போயிருந்தது. மாணவர் படையைப் பதினைந்து வருடம் நடத்தியவன் என்பதுதான் அந்த விண்ணப்பத்தின் முதல் வரி. "விருது முடியட்டும் டீச்சர், தரேன். அதுவரைக்கும் என் பேரு எங்கியும் வர வேணாம், யாருகிட்டயும்" என்றேன். சொல்லும்போதே கூசியது, ஆனாலும் சொன்னேன்.

"வராது சார்" என்றார். திரும்பிக் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

விருது வந்தது. பாராட்டு விழாவில் ஆசிரியர்கள் சார்பில் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர் அவர்தான். கடிதத்தைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. முதலில் நேரமில்லை என்று தள்ளினேன். பிறகு, இத்தனை நாள் கழித்துக் கொடுத்தால் இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்களே என்று தள்ளினேன். இருவரும் ஓய்வு பெற்றோம். திருத்தம் கேட்டு அவர் புதுச்சேரிக்கு பஸ் ஏறுவதை இரண்டு முறை பார்த்தேன், கையில் மை ஊறிய அந்த உரிமப் புத்தகம். இரண்டு முறையும் டீக்கடைக்குள் நுழைந்து, பஸ் போன பிறகுதான் வெளியே வந்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் அவருடைய கணவர் அருள்தாஸ் என் வீட்டுக்கு வந்தார். திருவாண்டார்கோயில் பக்கம் ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரச் சொன்னதும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அந்த பிஸ்தோலே இன்னும் ஸ்டேஷன்லதான் இருக்குது சார். இப்ப என் பேருக்கு எழுதிக் கேக்கலாம்னு இருக்கேன். நீங்க துப்பாக்கி தெரிஞ்சவரு. இந்த தபாவாவது கரெக்டா இன்னா போடணும்னு நீங்க சொல்லுங்க."

அப்போதுதான் தெரிந்தது, டீச்சர் அவரிடம்கூடச் சொல்லவில்லை. யாருகிட்டயும் என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் சென்டர், தலைமையாசிரியர் அறை, கடிதம், டீக்கடை, ஒன்றும் விடவில்லை. அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை. கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அஞ்சு வருஷம் சார். ஸ்டேஷனுக்குப் போயிட்டு வர்றப்பல்லாம் நான் அவளத்தான் திட்னேன். ஒரு நம்பர ஒழுங்காப் போடத் தெரியல, நீயெல்லாம் இன்னாடி பிசிக்ஸ் டீச்சர்னு. பசங்க எதிர்லயே கேப்பேன். ஒரு வார்த்த திரும்பப் பேசமாட்டா. எழுந்து உள்ள போயிடுவா."

 

மறுநாள் அந்த ஐந்து வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவரோடு போய் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், பார்க்கலாம் என்றார்கள். இதை நினைவு மலரில் எழுதட்டுமா என்று அருள்தாஸிடம் கேட்டேன். "எழுதுங்க. அவ சரியாத்தான் அளந்தான்னு அவகிட்ட படிச்ச புள்ளங்களுக்குத் தெரியட்டும்" என்றார்.

அவரிடம் கற்றதையெல்லாம் அவர் மாணவர்கள் வைத்திருக்கிறார்கள். அதில் பங்கு கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் வைத்துக்கொள்வது அருள்தாஸ் அவரைத் திட்டிய அந்தத் திட்டு ஒன்றைத்தான். ஐந்து வருடமாக அவர் வாங்கிக்கொண்டிருந்தது, உண்மையில் என் பெயருக்கு வந்தது.