இளைப்பாறுதல் பற்றிய பிரசங்கம்

பக்கத்து மனையில் நேற்று தளம் போட்டார்கள். காலையில் ஜன்னலைத் திறந்ததும் ஈர சிமெண்ட் வாடை அடித்தது. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமையின் வாடை.

அப்பா விழிஞ்ஞம் பக்கம் வீடு கட்டிக் கொடுப்பவர். ஞாயிறு வந்தால் தகரக் கொட்டகைச் சபையில் பிரசங்கியார். ஓய்வுநாளில் எந்தக் கொத்தனாரும் கரண்டியைத் தொடக்கூடாது என்பதில் கறாராக இருந்தார். ஆனால் புதுத் தளம் காய்ந்தால் வெடித்துவிடுமே. தண்ணீர் ஊற்றுவது மட்டும் அவருக்கு வேலையாகத் தெரியவில்லை. அதற்கு அம்மா குடத்தோடு போவாள். ஏதாவது ஒரு தளம் எப்போதும் அவளுக்காகக் காத்திருக்கும்.

சபை முடிந்து நாங்கள் வரும்போது, அவள் நனைந்த சேலையோடு சோறு வடித்துக்கொண்டிருப்பாள்.

"இன்னைக்கு என்ன பிரசங்கம்?"

"இளைப்பாறுதலப் பத்தி. நீயும் வந்திருக்கணும், கேட்டியா," என்பார் அப்பா.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. இன்று அந்த வாடை பட்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"வெயில் ஏறுதே மக்களே. தளத்துக்கு வெள்ளம் ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சும்மா. நீ படு."

அவள் படுக்கவில்லை. குனிந்து, கட்டிலுக்கடியில் குடத்தைத் தேடினாள்.