மஞ்சள் கட்ட மேதை

தலைநகர் சோஃபியாவில் முப்படைகளுக்கும் சேர்த்துத் திட்டம் போடும் அலுவலகத்தில் என் எதிர் மேசை லெப்டினன்ட் கர்னல் ஓக்னியானுடையது. ஆபத்தைச் சமன் செய்வதில் மேதை என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது மஞ்சள் நிறம்தான்.

இருக்கிற பணத்தில் எல்லாப் படைக்கும் எல்லாம் வாங்க முடியாது. எங்கே குறைத்தால் எவ்வளவு ஆபத்து என்று கட்டம் போட்டு நிறம் தீட்டவேண்டும். சிவப்பு என்றால் அமைச்சர் முடிவெடுத்தாக வேண்டும். அது அவருக்கு ஆகாது. பச்சை என்றால், பிறகு ஏதாவது நடந்தால் தீட்டியவன் மாட்டுவான். நடுவில் மஞ்சள்: ஏற்கக்கூடிய ஆபத்து, யாரும் எதுவும் செய்யவேண்டாம். ஓக்னியான் எல்லாவற்றுக்கும் மஞ்சள் தீட்டினார். பதவி உயர்வு தானாக வந்தது.

அந்த ஆண்டு தரைப்படை கவச வண்டி கேட்டது, விமானப்படை ரேடார் கேட்டது, கடற்படை கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கும் கருவி கேட்டது. ஒன்றைத் தள்ளிப்போட வேண்டும். தரைப்படைத் தளபதி மேசையைத் தட்டினார். விமானப்படைக்காரர் அமைச்சருக்கு மச்சான். கடற்படைத் தளபதி மரியாதை தெரிந்தவர், சத்தம் போடவில்லை. அவர் கேட்ட கருவி தள்ளிப்போனது. சமன் செய்த லட்சணம் அவ்வளவுதான்.

"கருங்கடல்ல கண்ணிவெடி மிதந்து வருது. கப்பல்ல இருக்கிற பழைய கருவி பாதி நேரம் தூங்குது," என்றேன்.

"ஏத்துக்கக்கூடிய ஆபத்துதான், ஸ்டெஃப்கா. பனிட்சா ஆறிடப்போகுது, சாப்பிடு."

வசந்தத்தில், கடற்படையில் இருந்த அவர் மகள் ராலிட்சாவை அந்தப் பழைய கருவி இருக்கிற கண்ணிவெடி அகற்றும் கப்பலிலேயே போட்டார்கள். இனியாவது சிவப்பு தீட்டுவார் என்று நம்பினேன். மனிதர் கட்டத்தைத் தொடவேயில்லை. தொலைபேசியை எடுத்தார். மகளுக்குச் சோஃபியாவில் நாற்காலி வேலை கிடைத்தது. அதுவரை அவரை முட்டாள் என்று நினைத்திருந்தேன். ஆபத்து எங்கே இருக்கிறதென்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ராலிட்சா சீருடையோடு எங்கள் அறைக்கே வந்தாள்.

"என்னை ஏம்ப்பா மாத்தின?"

"அம்மா பயப்படுறா, கண்ணு."

"அம்மாவுக்கு நான் எந்தக் கப்பல்னே தெரியாது. என் எடத்துக்கு யாரு போறாங்கன்னு கேட்டியா?"

"யாராவது போவாங்க."

"நெவெனா போறா. போன மாசம் நம்ம வீட்டுல உக்காந்து நீ காய்ச்சின ரக்கியாவக் குடிச்சிட்டு ஆஹா ஓஹோன்னு புகழ்ந்தாளே, அவ."

ஓக்னியான் தொலைபேசியைப் பக்கத்தில் இழுத்தார்.

"அவளுக்கும் இங்க ஒரு எடம் பாக்கட்டுமா?"

"பாரு. அப்புறம் மீதிப் பேருக்கும் பாரு. மொத்தக் கப்பலையும் கொண்டுவந்து இங்க வாசல்ல நிறுத்திடலாம்."

மாற்றம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அவள் கப்பல் நிற்கும் வர்னா துறைமுகத்துக்கு ரயில் ஏறினாள். கப்பல் பழைய கருவியோடுதான் புறப்பட்டது. வழியனுப்பக்கூட ஓக்னியான் போகவில்லை. அன்று அவருக்குக் கூட்டம் இருந்தது.