சுவருக்கு ஒரு பார்மசிஸ்ட்

அம்மாவின் பிரஷர் மாத்திரை வாங்க இன்று உக்குவளையில் வழக்கமாக வாங்கும் பார்மசிக்குப் போனேன்.

நான் பார்மசி டிகிரி கடைசி வருடம் என்று தெரிந்ததும் முதலாளி நாற்காலி போட்டார். குடிக்கப் பால் சேர்க்காத பிளேன்டி வரவழைத்தார். இத்தனை நாள் நிமிர்ந்தே பார்க்காத மனிதர். எனக்கு அப்போதே உறுத்தியது.

"சர்டிபிகேட் எப்ப கைக்கு வரும், தங்கச்சி?"

"அடுத்த வருஷம். ஏன், வேலை இருக்குங்களா?"

"நீங்க வரவே தேவையில்ல. சர்டிபிகேட்ட மட்டும் குடுங்க, செக்கிங் வாறவங்களுக்குக் காட்ட சுவத்துல மாட்டிக்கிறோம்."

அவருக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு பெண்ணின் சர்டிபிகேட் தொங்கியது.

"அப்ப இவங்க?"

"அவங்க கனடா போய் மூணு வருஷமாச்சு."

மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று முறை சரிபார்த்தேன்.

உங்கள் ஊர் பார்மசிச் சுவரில் தொங்கும் பார்மசிஸ்டை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?