ஸ்மால் அட்ஜஸ்ட்மென்ட்

'ஸ்மால்' என்று தொடங்கும் எந்தப் பேச்சையும் நான் நம்புவதில்லை. "ஒரு ஸ்மால் ஹெல்ப்" என்று எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வீடு காலி பண்ணுகிறார், இரும்பு பீரோ மூன்றாவது மாடியில் நிற்கிறது. "ஸ்மால் ஃபங்ஷன்தான், அவசியம் வந்துடுங்க" என்று அழைத்தவர்கள் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். கல்லூரியில் ஒருவன் "ஸ்மால் டவுட் சார்" என்று எழுந்தால், அந்த ஒரு மணி நேரமும் அவனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்று பொருள். பிரசவ வார்டில் நர்ஸம்மா என்னிடம் "ஸ்மால் பெயின் இருக்கும்" என்றார். அவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

செங்கல்பட்டில் ஆங்கிலம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோர் நாக்கிலும் இந்தச் சொல் உண்டு. கேட்கக் கூச்சமாக இருந்தால் முன்னால் ஒரு ஸ்மாலைப் போட்டுக்கொள்கிறோம். நானும் அப்படித்தான். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு ஒரு நாள் லீவு கேட்கப் போனபோதுகூட "ஒரு ஸ்மால் ரிக்வெஸ்ட் சார்" என்றுதான் ஆரம்பித்தேன். பெற்ற தாயின் கண் எப்படி ஸ்மால் ஆகும்? அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

நான் வேலை பார்ப்பது மறைமலைநகரில், கார் சீட்டுக்கு அடியில் மாட்டும் தகட்டுக் கொக்கிகள் செய்யும் ஒரு கம்பெனியில். பிரஸ் மெஷின்கள் ஓடும் ஹாலின் மூலையில் எனக்கு ஒரு மேசை, இரண்டு நோட்டு. ஒன்று மெஷின்களின் அன்றாட செக் ஷீட். இன்னொன்று, யாருக்காவது அடிபட்டால் எழுதும் புத்தகம். இரண்டையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பெரிய ஆங்கிலமெல்லாம் தேவையில்லை. போன வாரத்து வரியைப் பார்த்து இந்த வாரமும் எழுதினால் போதும். 'ஸ்மால் கட், ஃபர்ஸ்ட் எய்ட் கிவன்.' எனக்கு முன்னால் இருந்தவரும் பக்கம் பக்கமாக இதையே எழுதியிருந்தார்.

மெஷினில் இருப்பவர்களில் ஒருத்தி எனக்கு நெருக்கம். மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்துக்காரி. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கம்பெனி பஸ் அவள் பக்கம் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரும்போது, ஜன்னலோர சீட்டில் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். என்னைவிட ஆறு வயது இளையவள். "இன்னாக்கா, தூங்கிகினே வர்ற" என்று தோளில் இடிப்பாள்.

அவள் வேலை செய்தது பழைய பிரஸ், தகட்டை மேலிருந்து அடித்து வளைக்கும் மெஷின். இரண்டு பச்சைப் பொத்தான்களை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது இறங்கும். கை இரண்டும் வெளியே இருக்கிறது என்பதற்கு அதுதான் காவல். ஒரு நாள் இடது பொத்தான் மக்கர் பண்ணியது. புதுசு வரும்வரை என்ன செய்வது? சூப்பர்வைசர் அதை அழுத்திப் பிடித்து, மேலே டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கை போதும். வேலையும் முன்னைவிட வேகமாக நடந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

"செக் ஷீட்ல என்ன சார் எழுதறது?" என்று கேட்டேன்.

"'ஸ்மால் அட்ஜஸ்ட்மென்ட் டன்'னு போடும்மா."

போட்டேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, டீ பிரேக்குக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. தகடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அவள் இடது கையை உள்ளே நீட்டியிருக்கிறாள். வலது கை பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. ஓடிப்போய் நான் தாங்கிப் பிடித்தபோது அவள் கத்தவில்லை. "அக்கா, க்ளவுஸ கழட்டாத, க்ளவுஸ கழட்டாத" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சூப்பர்வைசர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார். கெட்டவர் இல்லை. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவர் சட்டையெல்லாம் ரத்தம். முகம் கழுவிவிட்டு நேராக என் மேசைக்கு வந்து டாக்டர் சீட்டை நீட்டினார். கேட்டில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு போர்டு உண்டு. அதில் எண் ஏறிக்கொண்டே போகும். வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள்.

"ஸ்மால் இஞ்சுரின்னு போட்டுடும்மா."

"ஏழு தையல் சார். நடுவிரல் நுனியே போயிடுச்சு."

"பெருசா எழுதினா என்ன ஏதுன்னு கிளறுவாங்க. செக் ஷீட்டுல உன் கையெழுத்துதான் இருக்கு." மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் அவர் மேலா என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.

கொஞ்ச நேரத்தில் அவளே ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள். "அக்கா, சார் சொன்னாரு, ஸ்மால்னே எழுதிடுக்கா. மெஷின்ல கை வுட்டது என் தப்புன்னு சொல்லி நிறுத்திடுவாங்க. இவரு வேற வலை கிழிஞ்சி போயி கரையிலயே குந்திகினு கீறாரு."

"கை உன்னுதுடி."

"வேலையும் என்னுதுதான்க்கா."

போனை வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்மால் என்று எழுதினால் யாரும் அந்த மெஷின் பக்கம் வர மாட்டார்கள். நாளைக் காலையில் அதே ஸ்டூலில் வேறொருத்தி உட்காருவாள். விரல் ஆறினால் இவளும் அங்கேதான் வர வேண்டும், அந்த டேப் அப்படியே இருக்கும். நாங்கள் ஸ்மால் என்று சொல்வது கேட்கக் கூச்சப்பட்டு. மேலே இருப்பவர்கள் சொல்வது, நாங்கள் எதையும் கேட்டுவிடக் கூடாதே என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு மூன்று வாரம் முன்பு சோறு போட்டவளே நான்தான். இன்னொரு பிடி போட மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்குப் போகும் மூன்று மணி பஸ்ஸை விட்டுவிட்டு எழுதினேன். இடது கை, இரண்டு விரல்கள், ஏழு தையல், நடுவிரல் நுனி இல்லை. இடது பொத்தான் மூன்று வாரமாக டேப் ஒட்டி அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை அட்ஜஸ்ட்மென்ட் என்று செக் ஷீட்டில் எழுதியது நான். ஸ்மாலும் போடவில்லை, பிக்கும் போடவில்லை. நோட்டைச் சூப்பர்வைசரிடம் காட்டாமல் நேரே மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் படித்துவிட்டு, "திஸ் இஸ் எ ஸ்மால் திங், நோ?" என்றார்.

"எவ்வளவு ஸ்மால் சார்?" என்றேன்.

செக் ஷீட்டைப் புரட்டினார். "இது யார் எழுதினது?"

"நான்தான் சார். அதனாலதான் இதையும் நானே எழுதினேன்."

எனக்கு ஒரு மெமோ, சூப்பர்வைசருக்கு ஒரு மெமோ. போர்டில் எண் பூஜ்யத்துக்கு வந்தது. அந்த மெஷினை நான்கு நாள் நிறுத்தி, புதுப் பொத்தான் போட்டு, முன்பக்கம் ஒரு சென்சாரும் வைத்தார்கள். உள்ளே எது நீண்டாலும் மெஷின் நின்றுவிட வேண்டும். அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் விரல் மடங்காது என்பதால் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. மெஷின்காரி என்று ஊரில் அவளுக்கு ஒரு பேர் இருந்தது, அது போயிற்று.

அவள் என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். பஸ் செங்கல்பட்டு வரும்போது ஜன்னலோரத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். நின்றுகொண்டே போவேன். இரண்டு முறை அழுதுவிட்டேன். ஆனாலும், மாற்றி எழுதியிருக்கலாமோ என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு யார் வந்து "ஸ்மால் கட்" என்றாலும், "எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டு எழுதினேன். ஹாலில் எனக்கு 'ஸ்கேல் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றரை மாதம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் திரும்பும் பஸ்ஸில் அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டிக்கொண்டிருந்தது. மடியில் இடது கையை வலது கையால் மூடி வைத்திருந்தாள்.

"என் மெஷினுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்துகீதே, திருக்கழுக்குன்றத்துப் பொண்ணு."

"ஆமா."

"இன்னிக்கு பொத்தான அழுத்திட்டு, மெஷின் இறங்கறப்போ, தகடு கோணிகினுச்சேன்னு கைய உள்ள வுட்டுச்சுக்கா. நான் எதிர்ல பேக்கிங்ல நின்னு பாத்துகினு கீறேன். கத்தணும்னு வாயத் தொறந்தா சத்தமே வரல."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மெஷின் நின்னுடுச்சுக்கா," என்றாள்.