வேன் கதவில் ஒரு வார்த்தை

பதினாறு வருடமாக மலேசியாவின் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். துறைமுகத்துக்குப் போகும் லோரிகளுக்கு நடுவே பதினொரு பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

பள்ளி விட்டதும் வேனுக்குள் நடக்கும் கூத்தைக் கேட்கவே வேண்டாம். ஒருத்தி அழுவாள், ஒருவன் பையால் அடுத்தவனை மொத்துவான். என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "டென்ஷன் லா, ஆன்டி." மார்க் குறைந்தாலும் டென்ஷன், தோழி பேசாவிட்டாலும் டென்ஷன், பசித்தாலும் டென்ஷன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு நாள் அந்தச் சொல்லுக்கே தடை போட்டேன். மதியம் ஏறும்போது கதவில் நின்று உண்மையான வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபமா, பயமா, பொறாமையா, வெட்கமா, சந்தோஷமா? டென்ஷன் என்றால் படியில் கால் வைக்கக்கூடாது.

முதல் வாரம் முழுக்கக் கிண்டல்தான். "பசி!" என்று ஒருவன் கத்துவான்; வேனே சிரிக்கும். பிறகு பழகிவிட்டது. "பொறாமை, ஆன்டி. அவளுக்குப் புது ஷூ" என்று ஒருத்தி சொன்ன அன்று, புது ஷூக்காரி அதைக் கழற்றி அவளைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். பெரிய படிப்பெல்லாம் நான் படிக்கவில்லை. என்னவென்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதி அடங்கிவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஒருத்தி மட்டும் மசியவில்லை. தமிழ்ப்பள்ளி முடித்து அந்த வருடம்தான் எல்லாப் பாடமும் மலாயில் நடக்கும் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் சேர்ந்தவள். கதவில் நின்று தினமும் "ஒண்ணுமில்ல, ஆன்டி" என்பாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கும் தன் வகுப்புக்காரியைக் கிள்ளுவாள். ஒரு நாள் தண்ணீர்ப் போத்தலால் அடித்து அந்தப் பிள்ளையின் நெற்றியை வீங்க வைத்துவிட்டாள். மற்ற பெற்றோர்கள் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னொரு தடவ ஏதாச்சும் நடந்துச்சுன்னா அந்தப் பொண்ண நிறுத்திடுங்கக்கா." அவள் அம்மா தனி ஆள், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வேன் இல்லாவிட்டால் மகளுக்குப் பள்ளியும் இல்லை என்று என்னிடம் அழுதார். பிள்ளைக்குத் திமிர், இரண்டு அதட்டு அதட்டினால் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். அந்த 'ஒண்ணுமில்ல'வுக்கும் தடை போட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வாசலுக்கு வரவே இல்லை. காவலாளியைக் கேட்டேன், அப்போதே வெளியே போய்விட்டாளாம். வேனுக்குள் பத்துப் பிள்ளைகள் வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். பள்ளியை இரண்டு முறை சுற்றி வந்தேன். கடைசியில், பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லோரிகள் நிற்காமல் ஓடும் அந்தச் சாலையைத் தனியாகத் தாண்டியிருக்கிறாள்!

வேனைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தி, இறங்கிக் கத்தினேன். "ஒனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா ஒங்கம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? போதும்! நாளையிலேருந்து என் வேன்ல வராத. ஒங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கதவருகே வந்தாள், ஆனால் ஏறவில்லை. "மொதல்ல நீங்க சொல்லுங்க, ஆன்டி. ஒங்களுக்கு என்ன?" என்றாள்.

எவ்வளவு கொழுப்பு! "டென்ஷன்!" என்று கத்திவிட்டேன்.

"ஆன்டி, அது செல்லாது!" வேனுக்குள்ளிருந்து பத்துப் பேரும் ஒரே குரலில்.

நானே போட்ட சட்டம். சரி, கோபம் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கோபத்தில் எனக்கு ஒரு நாளும் கை நடுங்கியதில்லை.

"பயம்" என்றேன். "லோரியில அடிபட்டுட்டியோன்னு பயந்துட்டேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். "எனக்கு வெக்கமா இருக்கு, ஆன்டி. டீச்சர் மலாய்ல வாசிக்கச் சொல்றாங்க. நான் தப்புத் தப்பா வாசிக்கிறேன். டெய்லி எல்லாரும் சிரிக்கிறாங்க. இவளும்தான் சிரிக்கிறா."

உள்ளே அந்த வகுப்புக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஜன்னலோரம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி அங்கே உட்கார்ந்தாள். கதவை இழுத்து மூடப் போனேன்.

"நாளைக்கு வரலாமா, ஆன்டி?"

"காலையில ஆறேகாலுக்கு ஒங்க வீட்டு வாசல்ல நிக்கணும்" என்றேன். "லேட்டாச்சுன்னா எனக்குக் கோபம் வரும். அது நெசக் கோபம்."