கட்டாத வீட்டுக்கு ஒரு கதவு

மகளுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று நெரவியில் யார் கேட்டாலும் தமிழ்மொழியின் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "இன்னும் கட்டாத வீட்ட போட்டோ புடிச்சுக் குடுக்குது."

அதைவிடச் சரியாகத் தமிழ்மொழிக்கும் சொல்ல வராது. இன்ஜினியர் தரும் பிளானை வைத்துத் திரையில் சுவர் எழுப்புவாள், பெயின்ட் அடிப்பாள், கடல் பக்கமிருந்து காலை வெயிலை விழவைப்பாள். அதைக் கம்ப்யூட்டர் படமாக்கி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். அதுவரை அவளுக்கு இருப்புக்கொள்ளாது. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவுவாள். வாசலுக்குப் போவாள், வருவாள். கரண்ட் போய்விடுமோ என்று ஃபேனையே பார்ப்பாள்.

தருமபுரத்தில் சுல்தான் பீவியின் பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டப்போகும் புது வீட்டுக்கு அவள் போட்ட படம், குவைத்தில் இருக்கும் பீவியின் கணவர் கமாலுதீனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கச் சுவர் முழுக்கக் கல் பதித்து, கீழே புல்தரையும் விட்டிருந்தாள். அங்கே ரூமில் கூட இருப்பவர்களுக்கெல்லாம் அவர் அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை சுல்தான் பீவி தமிழ்மொழி படம் போடும் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏம் புள்ள, எங்க லாத்தா வூட்ட இடிச்சுப்புட்டு அங்க புல்லு போட்டிருக்கியே!"

பக்கத்து வீடு அவருடைய அக்கா ஆஸியா பீவியுடையது. படம் எடுப்பாகத் தெரியட்டும் என்று அக்கம்பக்கத்தை எடுத்துவிடுவது தமிழ்மொழியின் வழக்கம்.

"படத்துலதானேக்கா எடுத்தேன்."

"படத்தப் பாத்துத்தானே இவரு ஆடுறாரு! எங்கம்மா பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் பக்கத்து பக்கத்து வூடா குடுத்து, நடுவுல கதவும் வச்சுக் குடுத்துச்சு. தெருவுல எறங்காம போவோம், வருவோம். பிளான்ல அந்தக் கதவ வுட்டுட்டாங்க. கேட்டா, செவுத்துல ஓட்ட போட்டா அழகு போயிடும்ங்கிறாரு. திங்கக்கெழம கொத்தனாரு செவுரு எழுப்புறாரு."

அதற்குமேல் தமிழ்மொழியால் உட்கார முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தருமபுரம் போனாள். பழைய வீட்டை இடித்ததில் மிஞ்சி நின்ற அந்தக் கதவருகே ஆஸியா பீவியைப் போட்டோவுக்கு நிற்கச் சொன்னாள்.

"இரு, முக்காட்ட சரியா போட்டுக்கிறேன். தங்கச்சி மாப்புள ஊரு முழுக்க அனுப்புவாரு."

கையில் மீன் குழம்பு ஊற்றிய ஆணக் கிண்ணத்தோடு நின்றார்.

ஞாயிறு முழுக்கத் தமிழ்மொழி அக்கா வீட்டைத் திரும்பக் கட்டினாள். புல்லை எடுத்தாள், இரண்டு வீட்டுக்கும் நடுவே குறுகிய சந்து மட்டும் விட்டாள், கல் சுவரில் கதவு வைத்தாள், கதவில் ஆஸியா பீவியை நிறுத்தினாள். பாதியில் கரண்ட் போனது. மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் படம் வந்ததும் குவைத்துக்கு அனுப்பினாள். பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. படுக்கும்வரை போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

திங்கள் காலை கொத்தனார் சுவருக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது சுல்தான் பீவியின் போனில் கமாலுதீனின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதை அவர் அப்படியே தமிழ்மொழிக்கு அனுப்பினார்.

"ஒங்க லாத்தாவ ஏன் வெயில்ல நிக்க வச்சிருக்கீங்க? கதவு வைக்கிறதுதான் வைக்கிறீங்க, மேல ஒரு சன்ஷேடு போடக் கூடாதா? கொத்தனாருகிட்ட எடம் வுடச் சொல்லு. அந்தப் பொண்ணுகிட்டயும் சன்ஷேடோட ஒரு படம் கேளு."

தமிழ்மொழி சன்ஷேடு போட்டு, கம்ப்யூட்டரைப் படமாக்க விட்டாள். பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.